ரெண்டு இழுப்பு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
7.7.2025

அன்புத் தங்கை ஜெமிக்கு, அண்ணன் சிலுவை எழுதுவது. நானும் உன் மைனி கிளாடிஸும் மாதா காவலில் நன்றாக இருக்கிறோம். கோத்தகிரிக் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அடுப்பை ஒட்டியே நிற்கிறாய் என்பதுதான் எங்களுக்கு ஒரே ஆறுதல்.

நீ போனை அணைத்துப் பெட்டியில் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். காதல் கடிதம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. இந்த மூஞ்சிக்கு அது ஒன்றுதான் குறை.

கடலை விட்டபின் ஆட்டோதான் சோறு போடுகிறது. ஊர் பார்க்க வருகிறவர்களை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். எல்லாரும் முத்து எங்கே குளிக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். "முத்துக் குளிச்சு அறுவது வருசத்துக்கு மேல ஆச்சு, இப்ப சங்குதான்" என்றால் முகம் வாடிப்போகும். உடனே மக்ரூன் கடைக்கு விட்டுவிடுவேன்.

போன சனி, மாத முதல் சனி, பெரியவர் ஒருவர் வந்தார். கம்பு ஊன்றி, கையில் ஒரு தாள். அதைப் பார்த்துப் பார்த்து இடம் சொன்னார். முதலில் பெரிய கோயில், பிறகு மக்ரூன் கடை, ரோச் பூங்கா, உப்பளச் சாலை, முயல் தீவுக் கலங்கரை விளக்கம், கடைசியில் துறைமுகக் கடற்கரை. எந்த ஆட்டோக்காரனும் இந்த வரிசையில் போகமாட்டான், பாதி வழி வீண் சுற்று. ஆனால் உனக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணமான ஏழாம் நாள், ஆலந்தலைக்காரனுக்கு டவுனைக் காட்டுகிறேன் என்று வேல்ராஜ் ஆட்டோவை இரவல் வாங்கி உங்களைக் கூட்டிக்கொண்டு போனேனே, அதே வரிசை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்தப் பெரியவர் ஒரு இடத்தையும் சரியாகப் பார்க்கவில்லை, ஹேண்டில்பாரில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதா திருவிழாவுக்காவது வா. உன் மைனி உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
சிலுவை

*

கோத்தகிரி
16.7.2025

அண்ணனுக்கு,

சுகம்தான். சளி இருக்கிறது, போகாது. மைனிக்கு முட்டுவலி தேவலையா?

திருவிழாவுக்கு வர முடியாது. என்றைக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு கேள்விதான் கேட்டேன், அதற்குப் பதில் சொல்கிற அன்றைக்கு வருவேன்.

சங்கு குளிக்க இறங்குகிறவன் உயிரை மச்சான் கையில் கொடுப்பது நம் ஆட்களின் வழக்கம். தங்கச்சி தாலிக்கு அவனைவிடப் பெரிய காவல் யார் என்றுதான் அப்பா உன் கையில் கயிற்றைக் கொடுத்தார். உன் மாப்பிள்ளை கிளைட்டன் இறங்கினார், நீ கயிறு பிடித்தாய். கயிறு அறுந்தது என்கிறாய். அறுந்தால் பாதி உன் கையில் இருந்திருக்குமே அண்ணே. அந்தப் பாதி எங்கே?

அந்தப் பெரியவர் உன் கையைப் பார்த்தபோது உன் கை எப்படி இருந்தது?

ஜெமி

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
4.8.2025

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். உன் மைனிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

நாளைக்குத் திருவிழா. பெரிய கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில்தான் முந்தாநாள் சனிக்கிழமை மறுபடியும் அவர் வந்தார். பழைய துறைமுக வாசலில் வண்டியை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் யாரோ ஏறின பாரம் தெரிந்தது. "பெரிய கோயில்" என்றது குரல். தொண்டை கட்டின குரல். தாளைப் படிக்கிற சத்தம் ஏதும் இல்லை, ஆனால் அதே ஆறு இடம், அதே வரிசை. போன மாதம் வந்தவர்தானே, மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை எங்கேயும் இறங்கவில்லை. கோயில் முன்னால் நிறுத்தினால் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். "இறங்கிப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். "பார்த்தாச்சு" என்றார்.

துறைமுகக் கடற்கரையில் இறங்கிக்கொண்டார். நான் வண்டியைத் திருப்பிவிட்டுப் பார்க்கிறேன், மணலில் யாரும் இல்லை. மத்தியான வெயில், அடி சுடுகிற மணல். அவ்வளவு வேகமாக எங்கே போனார் என்று தெரியவில்லை.

சீட்டெல்லாம் ஈரம். மழை இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்துப் போட்டேன். மறுநாள் பார்த்தால் ரெக்சின்மேல் உப்புப் பூத்திருக்கிறது. உப்பளத்துக் காற்று என்று உன் மைனி சொல்லுதாள்.

கை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். கை கை மாதிரித்தான் இருந்தது.

உன் அண்ணன்,
சிலுவை

*

கோத்தகிரி
20.8.2025

அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம் என்று எழுதியிருந்தாய்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி வந்தார் என்று எழுதியிருக்கிறாய். தேதி சரிதானா? அவர் கம்பு ஊன்றினாரா? முகத்தைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் அடுத்த தடவை கண்ணாடியைத் திருப்பிப் பார். அந்த ஆறு இடம் அல்லாமல் வேறு எங்கேயாவது நிறுத்தச் சொன்னாரா?

பாதிக் கயிற்றைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நான் மறக்கவில்லை.

ஜெமி

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
8.9.2025

தங்கை ஜெமிக்கு, மாதா பிறந்த நாள் வாழ்த்து. உடம்பு சுகம்.

நீ கேட்டதை எல்லாம் பார்த்தேன். ஏன் கேட்டாய் என்று மட்டும் விளங்கவில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை அதே இடத்தில் ஏறினார். கம்பு இல்லை. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் சட்டைக் காலர்தான் தெரிகிறது. மேலே திருப்பினால் வண்டிக்கூரை, கீழே திருப்பினால் மடி. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடம் ஏனோ வரவே இல்லை. திரும்பிப் பார்த்திருக்கலாமே என்பாய். பார்க்கவில்லை. கழுத்து திரும்பமாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

உப்பளச் சாலையில், "மோட்டார் ரூமு பக்கம் நிப்பாட்டும்" என்றார். எந்த மோட்டார் ரூம் என்று கேட்டேன். உப்புத் தண்ணி இறைக்கிற பழைய கொட்டகை ஒன்றை வழி சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. சுவரில் சங்கு ஓட்டால் கீறின மாதிரி ரெண்டு எழுத்து. ஒரு 'கி', ஒரு 'ஜெ'. அன்றைக்கு என்னைச் சோடா வாங்கி வா என்று அனுப்பிவிட்டு நீங்கள் ரெண்டு பேரும் அங்கேதான் போனீர்களா? எனக்குத் தெரியவே தெரியாதே ஜெமி. எனக்குத் தெரியாத இடம் அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்து மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி சீட்டைக் கழுவினேன். உன் மைனியிடம் எதுவும் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

சிலுவை

*

தூத்துக்குடி
6.10.2025

ஜெமிக்கு,

ஒரு மாதமாக உன் பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா? ஒரு வரி போடு.

இந்த முதல் சனிக்கு வண்டியை எடுக்கக்கூடாது என்றுதான் வீட்டில் இருந்தேன். சாவி ஆணியில் தொங்குகிறது. மத்தியானம் வாசலில் நிறுத்தியிருந்த வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆள் ஏறினால் சாய்கிற மாதிரி. உன் மைனி உள்ளே இருந்து, "ஆளு காத்துக்கிட்டு இருக்காவ, போவலையா?" என்றாள். அவள் ஆளைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. போய்விட்டேன்.

மோட்டார் ரூமோடு ஏழு இடமும் போனோம். கோயில் முன்னால் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னால் அவரும் போட்டுக்கொண்ட மாதிரி சட்டை உரசின சத்தம் கேட்டது. அதனால் கெட்ட ஆவி இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

துறைமுகக் கடற்கரையில் அவர் இறங்கவில்லை. பின்னாலிருந்து என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. அதில் ஏதோ ஒரு கயிற்று நுனி. "இதப் பிடியும் மச்சான்" என்றார்.

இந்த ஊரில் என்னை அண்ணாச்சி என்பார்கள், சிலுவை என்பார்கள், ஏலே என்பார்கள். மச்சான் என்று கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான்.

நான் பிடிக்கவில்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ரோடு வரைக்கும் ஓடினேன்.

ஜெமி, பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லு.

சிலுவை

*

கோத்தகிரி
14.10.2025

அண்ணனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் செப்டம்பர்க் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவதைக் கிழிக்கமாட்டேன்.

ஜூலையில் வந்த பெரியவரை அனுப்பியது நான்தான். அவர் பேர் ஞானையா, எங்கள் ஆஸ்பத்திரிக் காவலாளி. தூத்துக்குடியில் அவர் தங்கை மகள் கல்யாணம். போகிறாரே என்று ஆறு இடத்தையும் வரிசையாகத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "அந்த இடங்களுக்குப் போகும்போது எங்க அண்ணன் கை நடுங்குதான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க" என்றேன். நடுங்கவே இல்லை என்று வந்து சொன்னார். அன்றைக்கு உன்னை வெறுத்தேன். நீ கோபப்பட்டால் அது நியாயம்தான், கோபப்படு.

ஆனால் ஒன்று கேள். ஞானையா ஜூலை ஏழாம் தேதி திரும்பி வந்தவர், அதற்குப்பின் இந்த மலையை விட்டு இறங்கவில்லை. ஆகஸ்டு இரண்டாம் தேதி மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊற்றியது நான். செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊற்றியது நான்.

நான் எழுதியது ஆறு இடம். மோட்டார் ரூமை நான் எழுதவில்லை. அதை இந்த உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சுவரில் கீறினவருக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

நான் அனுப்பிய ஆள் ஒரு தடவைதான் வந்தார். அப்புறம் வருகிறவரை நான் அனுப்பவில்லை. நான் வழி மட்டும் காட்டிவிட்டேனோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஏதோ ஒரு கயிறு என்று எழுதியிருக்கிறாய். நீ பதினைந்து வருடம் கயிறு பிடித்தவன். எந்தக் கயிறு என்று உனக்குத் தெரியாதா?

ஜெமி

*

தூத்துக்குடி
27.10.2025

தங்கச்சி,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை.

எந்தக் கயிறு என்று தெரியும். வெள்ளை நைலான், நுனியில் சிவப்புத் துணி சுற்றியது. கை வழுக்காமல் இருக்க உன் பழைய தாவணியைக் கிழித்து நான்தான் சுற்றினேன். அது நான் பிடிக்கிற நுனி. அறுந்திருந்தால் அந்த நுனி என்னிடம் இருந்திருக்கும். அது அறுந்துபோகவில்லை ஜெமி. நான் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் போயிற்று. வெள்ளை வெளேர் என்று, ஒரு தெருவையே தூக்கி நிறுத்தின மாதிரி அத்தனை மாடி. படகில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். மாப்பிள்ளை எட்டுப் பாகம் ஆழத்தில் இருந்தான். ஒரு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்த வேண்டும், ரெண்டு இழுப்பு என்றால் தூக்க வேண்டும். ஒரு இழுப்பு வந்தது. இருந்ததை எல்லாம் விட்டுக்கொடுத்து, நுனியைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தேன். நீ கப்பல் பார்த்ததில்லையே, உனக்குக் காட்டலாம் என்று. அதற்குள் ரெண்டு இழுப்பு வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. "இரு மாப்ள, கப்பல் போவட்டும்" என்றேன். எட்டுப் பாகத்துக்குக் கீழே இருக்கிறவனிடம் சொன்னேன். கப்பலின் மேல்தட்டில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். நானும் எழுந்து நின்று கை காட்டினேன்.

திரும்பினபோது சிவப்பு நுனி படகு விளிம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குதித்தேன், எல்லாரும் குதித்தார்கள். நீர்வேகம் அவனை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

உன்னிடம் சொன்னால் நீ என் முகத்தில் முழிக்கமாட்டாய் என்று சொல்லவில்லை. சொல்லாமலும் நீ முழிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை முதல் சனி. மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோகும். அவனுக்கு ஒரு குழிகூட இல்லாமல் பண்ணிவிட்டேன். அவன் வருவான். இந்தத் தடவை பிடிக்கப்போகிறேன்.

உன் அண்ணன் என்று எழுத எனக்கு இன்னும் பாத்தியதை இருந்தால், உன் அண்ணன்,
சிலுவை

*

கோத்தகிரி
1.11.2025

அண்ணே,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. சனிக்கிழமை பதினோரு மணி. இது உனக்குக் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும்.

எனக்கு முதலிலிருந்தே தெரியும். நீ அனுப்பிய வீடியோ அன்றைக்குப் பதினொன்று இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. நீ அனுப்பியதே உனக்கு ஞாபகம் இல்லை போல. நாற்பது நொடி ஓடுகிறது. ஒரு கை போனைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை படத்துக்குள் வந்து கப்பலுக்கு டாட்டா காட்டுகிறது. கயிறு பிடிக்க உனக்கு மூன்றாம் கை கிடையாது. நடுவில் உன் குரல் கேட்கிறது, "இரு மாப்ள, கப்பல் போவட்டும்" என்று. கப்பல் அழகாக இருக்கிறது என்று நான் பதில்கூடப் போட்டேன் அண்ணே. அவர் மூச்சுக்குத் தவித்த நேரத்தில் நான் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் போனை அணைத்தேன். அழிக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் அந்தக் குரல்தான் கேட்கும். நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டாய். கோபம் போகவில்லை, போகும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் வருகிறேன் என்று சொன்ன வாக்கு வாக்குதான். எட்டாம் தேதி சனிக்கிழமை வருவேன், அதற்கு முன்னால் லீவு இல்லை.

அவர் என் புருஷன், பயப்படாதே. கயிற்றைக் கொடுத்தால் ரெண்டு கையாலும் பிடி. நான் வருகிற வரைக்கும் விடாதே.

ஜெமி

*

தூத்துக்குடி
6.11.2025

அன்புள்ள ஜெமிக்கு, மைனி கிளாடிஸ் எழுதுவது. சுகமா என்று கேட்கிற நேரம் இல்லை, மன்னித்துக்கொள்.

ஆஸ்பத்திரி நம்பருக்கு ரெண்டு தடவை அடித்தேன். நீ வந்து "அலோ" என்றதும் வைத்துவிட்டேன். இதை எல்லாம் போனில் எப்படிச் சொல்ல? கோயம்புத்தூர் வழியாகக் கோத்தகிரி வருகிற லாரிக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலையில் உன் கையில் சேர்த்துவிடுவான்.

உன் அண்ணன் சனிக்கிழமை போனவர் வீடு திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் துறைமுகக் கடற்கரையில் ஈரமணலில் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். ரெண்டு கையிலும் ஒரு வெள்ளை நைலான் கயிறு. நுனியில் உன் சிவப்புத் தாவணித் துணி, நேற்றுக் கிழித்த மாதிரி சாயம் போகாமல் இருக்கிறது. கயிற்றின் மறுபக்கம் கடலுக்குள் போகிறது.

நான் இழுத்துப் பார்த்தேன், நாலு ஆண்கள் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. வேல்ராஜ் அண்ணாச்சி படகை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தொட்டுக்கொண்டே போனார். கயிறு இருபது பாகம்தான் ஜெமி, கடையில் வாங்கினபோது நானும் கூட நின்றேன். அரை மைல் போயும் முடியவில்லை, அதற்கப்புறம் கீழே இறங்குகிறது என்று திரும்பி வந்துவிட்டார். பங்குச்சாமி வந்து செபித்தார். அறுத்துவிடலாம் என்று ஒருவன் கத்தியை எடுத்தான். உன் அண்ணன் போட்ட சத்தத்தில் அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான்.

சோறு நான்தான் ஊட்டுகிறேன். நேற்று உன் கடிதம் வந்தது, அதையும் நான்தான் படித்துக் காட்டினேன், அவருக்குக் கை ஒழியவில்லை. வீடியோ விஷயம் வந்தபோது அழுதார். விடாதே என்ற இடம் வந்தபோது தலையை ஆட்டினார். தூங்கி ஐந்து நாள் ஆகிறது. உள்ளங்கை ரெண்டும் ஊறி வெளுத்துப்போயிருக்கிறது.

"ஒத்த இழுப்பாத்தான் வருது. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கேன். ரெண்டு இழுப்பு இன்னும் வரல. வந்தா என் ஒரு ஆளு பலம் பத்தாது கிளாடிஸ்" என்றார் காலையில். பிறகு, "எங்கிட்ட உசுர நம்பிக் குடுக்கமாட்டான். ஜெமி கை பட்டாத்தான் ரெண்டு இழுப்பான்" என்றார்.

எனக்கு இதில் எது நிசம், எது பிரமை என்று தெரியவில்லை. இதை நான் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சற்று முன்னால் அது என் கைக்குள்ளேயே ஒரு தடவை இழுத்தது. பிடித்திருக்கிறது யார் என்று தடவிப் பார்க்கிற மாதிரி இழுத்தது. அப்புறம் தளர்ந்துவிட்டது.

சனிக்கிழமை வரைக்கும் லீவு பார்க்காதே ஏளா. இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பு.

கிளாடிஸ்